ஆர்பிஜி கேமை முழுதாக விளையாடுவதும் அதைப் பற்றிக் குழுவில் பேசுவதும்: முழுமையான வழிகாட்டி

ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் முடிவெடுத்து விளையாடுவது) என்றாலே நூறு மணி நேரம் வேண்டும், நமக்கு எங்கே நேரம் என்று ஒதுங்குகிறவர்கள் ஒரு பக்கம். தள்ளுபடியில் நாலு கேம் வாங்கி, நாலையும் பத்து மணி நேரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு தரப்புக்கும்தான் இதை எழுதுகிறேன். ஒரு கேமைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசி சண்டை வரைக்கும், நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படிக் கேட்பது, ரசிகர்கள் கூடும் ஆன்லைன் குழுவில் அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுக்காமல் எப்படிப் பேசுவது என்பது வரைக்கும் எல்லாம் இதில் வரும்.

ஆரம்பத்திலேயே என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆர்பிஜியில் விளையாட்டு என்பதே முடிவெடுப்பதுதான். யாரைக் கூட அழைத்துப் போவது, எந்தத் திறனில் பாயிண்ட் போடுவது, பொய் சொல்வதா உண்மையைச் சொல்வதா, இந்தச் சண்டையைப் போடுவதா ஓடிவிடுவதா. அந்த முடிவுகளை ஒரு வீடியோவோ ஒரு நண்பரோ உங்களுக்காக எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது பட்டன் அழுத்துகிற வேலை மட்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருவதுதான்.

படி 1: உங்களுக்கு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

ஆர்பிஜி என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரித் தெரியும் கேம்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேர் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். அது மேசை விளையாட்டு: காகிதம், பென்சில், பகடை, சுற்றி உட்கார்ந்து கதை பேசும் நாலைந்து பேர். 1981-இல் அல்டிமாவும் விசார்ட்ரியும் அதைக் கணினியில் பரவலாக்கின. ஜப்பானில் 1986-இல் டிராகன் குவெஸ்ட், 1987-இல் ஃபைனல் ஃபேண்டஸி வந்து தனக்கென்று ஒரு வழியைப் போட்டுக்கொண்டன. மேற்கத்திய வழியில் வந்தவை பெரும்பாலும் "நீ யார், என்ன செய்வாய்" என்று உங்களைக் கேட்கும். ஜப்பானிய வழியில் வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு நாயகனையும் அவன் கூட்டாளிகளையும் உங்கள் கையில் கொடுக்கும். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் இதில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அப்புறம் சண்டை. யோசித்து, முறை வைத்து ஆடுவது பிடிக்குமென்றால் டர்ன் பேஸ்டு: பால்டர்ஸ் கேட் 3, பெர்சோனா 5 ராயல், டிவினிட்டி ஒரிஜினல் சின் 2. கை வேகம் பிடிக்குமென்றால் விட்சர் 3, எல்டன் ரிங். சண்டையே வேண்டாம், நன்றாக எழுதப்பட்ட வசனத்தைப் படித்துக்கொண்டே போனால் போதும் என்பவர்களுக்கு 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம். அதில் வழக்கமான சண்டை முறையே கிடையாது, உங்கள் மண்டைக்குள் இருக்கும் 24 திறன்கள்தான் உங்களோடு வாதாடிக்கொண்டிருக்கும்.

நேரம்தான் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தடை, அதனால் இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெர்சோனா 5 ராயல் நூறு மணி நேரத்தைத் தாண்டும். விட்சர் 3-இல் மெயின் கதை மட்டுமே ஐம்பது மணி நேரம் பக்கத்தில் வரும், பக்கவாட்டுக் கதைகளைத் தொட்டால் இரட்டிப்பாகும். வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இவை இரண்டிலும் ஆரம்பிக்காதீர்கள். 2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேலைப் பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். எதிரே வருகிற யாரையும் கொல்லாமலேயே அந்தக் கேமை முடிக்க முடியும், அந்த ஒரு விஷயமே முடிவெடுப்பது என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்துவிடும். 1995-இல் வந்த க்ரோனோ ட்ரிகர் இருபது மணி நேரத்தைச் சுற்றி, இன்றைக்கும் அலுக்காது. முதல் ஆர்பிஜியை முடித்த திருப்திதான் இரண்டாவதை முடிக்க வைக்கும், அதனால் சின்னதில் தொடங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பால்டர்ஸ் கேட் 3 மாதிரி கேமில் முகம், தலைமுடி, மூக்கு என்று பாத்திரத்தைச் செதுக்குவதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும், அதுவும் கணக்கில் சேரும். பிடிக்குமா என்ற சந்தேகத்தோடு வாங்கினால் முதலில் இருக்கிற முகத்தோடு உள்ளே போய் இரண்டு சண்டை போட்டுப் பாருங்கள். பிடித்தால் திரும்பவும் புதிதாகத் தொடங்கி நிதானமாகச் செதுக்கலாம்.

படி 2: அமைப்புகளும் சிரம நிலையும்

எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், சப்டைட்டிலைப் போடுங்கள், ஆட்டோ சேவ் (ஆட்டம் நின்ற இடத்தைத் தானாகப் பதிவுசெய்வது) வேலை செய்கிறதா பாருங்கள். இது ஐந்து நிமிட வேலை.

சிரம நிலையைப் பற்றித்தான் குழுக்களில் தேவையில்லாத சண்டை நடக்கும். ஈஸியில் விளையாடினால் விளையாடினதாகவே கணக்கில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் எக்ஸ்ப்ளோரர், பேலன்ஸ்டு, டாக்டிஷியன் என்று மூன்று வழக்கமான நிலைகள், நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஹானர் மோட் மட்டும் தனி ரகம்: ஒரே சேவ்தான், கேமில் உங்களோடு வரும் முழுக் குழுவும் செத்தால் அந்த ஓட்டம் அத்தோடு சரி. முதல் முறைக்கு அது வேண்டவே வேண்டாம். எல்டன் ரிங்கில் சிரம நிலைத் தேர்வே கிடையாது, ஆனால் லெவல் ஏற்றிக்கொண்டு திரும்பி வரலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், இன்னொரு ஆட்டக்காரரை உதவிக்குக் கூப்பிடலாம். கேமை உருவாக்கியவர்களே வைத்த வழிகள் இவை. பயன்படுத்துவது உங்கள் உரிமை.

படி 3: பாத்திரத்தை உருவாக்குவது

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். திரை முழுக்க எண்கள், ஒவ்வொன்றும் முக்கியம் என்று தோன்றும், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுவிடலாம் என்று கை போகும். அதைச் செய்யாதீர்கள். எதில் அடிக்கப் போகிறீர்கள் என்று ஒன்றைத் தீர்மானித்து, அதற்குரிய திறனை உயர்த்துங்கள், அடுத்தபடியாக உயிர் தாங்கும் திறன். கத்தியும் மந்திரமும் வில்லும் சேர்ந்த ஆள் என்பது கேட்க அழகாக இருக்கும், ஆனால் இருபதாவது மணி நேரத்தில் மூன்றிலும் வலு இல்லாமல் நிற்பார்.

கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பால்டர்ஸ் கேட் 3 டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளை அடிப்படையாக வைத்தது. அதில் உங்கள் திறன் எண் நேரடியாகப் பகடையோடு சேராது, அதிலிருந்து கிடைக்கும் போனஸ்தான் சேரும். 14 இருந்தால் +2. 15 இருந்தாலும் +2 தான். 16-க்குத்தான் +3. ஆக ஒற்றைப்படை எண்ணில் நிற்கும் திறன், பின்னால் அதை ஏற்றும் திட்டம் இருந்தாலொழிய, வீணாகப் போட்ட பாயிண்ட். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாத்திரம் உருவாக்கும் திரை பாதி பயமுறுத்தாது. முதன்மைத் திறனை 16 அல்லது 17-க்குக் கொண்டுபோங்கள், உயிர் தாங்கும் திறனை 14-இல் வையுங்கள், மிச்சத்தை உங்கள் விருப்பப்படி பிரித்துப் போடுங்கள், போதும்.

தப்பாகப் போட்டுவிட்டால்? இப்போதைய கேம்களில் பெரும்பாலும் மாற்ற வழி உண்டு. பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமுக்கு வந்து சேரும் விதர்ஸ் என்பவர் 100 தங்கத்துக்கு வகுப்பையே (வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகையை) மாற்றித் தருவார். விட்சர் 3-இல் அதற்கென்று ஒரு மருந்து விற்கிறார்கள். எல்டன் ரிங்கிலும் கொஞ்ச தூரம் போன பிறகு வழி கிடைக்கும். அதனால் "சிறந்த பில்ட்" (திறன், ஆயுதத் தேர்வுகளின் சேர்க்கை) என்று நெட்டில் தேடி அப்படியே நகல் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை உங்கள் மனசுக்குப் பட்டதைப் போட்டு விளையாடுங்கள். நகல் எடுத்த பில்ட் ஏன் வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அது வேலை செய்யாத இடத்தில் என்ன செய்வதென்றும் தெரியாது.

குழுவாகப் போகும் கேம்களில் முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், பின்னால் இருந்து டேமேஜ் கொடுக்க ஒருவர், உயிர் கொடுக்க ஒருவர், பூட்டு திறக்கவும் பேச்சு பேசவும் ஒருவர். இவ்வளவுதான் சூத்திரம். இதிலும் பிடித்த கேரக்டரை விட்டுவிட்டுத் தேவையான கேரக்டரை இழுத்துக்கொண்டு அலையவேண்டிய அவசியம் சாதாரண சிரம நிலையில் வராது.

படி 4: முதல் பத்து மணி நேரம்

ஆர்பிஜியைக் கைவிடுபவர்களில் நான் பார்த்த வரையில் பெரும்பாலானவர்கள் சிரமத்தால் கைவிடுவதில்லை, அலுப்பால்தான் கைவிடுகிறார்கள். அந்த அலுப்பையும் அவர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். வரைபடத்தில் தெரிகிற ஒவ்வொரு கேள்விக்குறியையும் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த ஊர் என்று உட்கார்ந்தால் எந்தக் கேமும் வேலையாகிவிடும். விட்சர் 3-இல் ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றியிருக்கும் கடலில் மிதக்கும் கடத்தல் பெட்டிகளை எல்லாம் படகில் போய் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே கேமில் பக்கவாட்டுக் கதை என்று தனியாக எழுதிவைத்தவை பல கேம்களின் மெயின் கதையை விடச் சிறப்பாக இருக்கும். ஆக விதி இதுதான்: மனிதர்கள் கொடுக்கிற வேலையைச் செய்யுங்கள், வரைபடம் கொடுக்கிற வேலையை வழியில் வந்தால் மட்டும் செய்யுங்கள்.

பொறுக்குவது இன்னொரு நோய். ஸ்கைரிமில் 2011-இலிருந்து எல்லோரும் பாத்திரம் பண்டம் உட்படச் சுமந்துகொண்டு, எடை தாங்காமல் ஓட முடியாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். எடைக்கு எவ்வளவு விலை என்று பார்த்து, குறைந்தது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பொறுக்கியதைப் பயன்படுத்துங்கள். கடைசி பாஸுக்கு, அதாவது கடைசிப் பெரிய எதிரிக்கு, தேவைப்படும் என்று சேர்த்துவைத்த மருந்தெல்லாம் கடைசி பாஸ் செத்த பிறகும் அப்படியே பையில் கிடக்கும், இது எல்லா ஆர்பிஜி குழுக்களிலும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு சண்டையில் இரண்டு முறை தோற்றுவிட்டால் மூன்றாவது முறை பையைத் திறக்கவேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பால்டர்ஸ் கேட் 3 விளையாடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. தூங்கி ஓய்வெடுக்கப் பயப்படாதீர்கள். ஒரு நீண்ட ஓய்வுக்குச் சாதாரண நிலையில் 40 முகாம் உணவுப் பொருள் போதும், வழியில் கிடைக்கிற பெட்டி பீப்பாய்களைத் திறந்தாலே அதை விட அதிகமாகச் சேரும். முதல் கட்டத்திலேயே கதை அவசரப்படுத்துவதைப் பார்த்துவிட்டுத் தூங்காமலேயே ஓடுபவர்கள் நிறையப் பேர். கூட்டாளிகளோடு நடக்கும் முக்கியமான பேச்சுகள் பல முகாமில் இரவில்தான் வரும், தூங்காதவர்களுக்கு அவற்றில் சில கிடைக்காமலே போகும். கண்ணெதிரே ஒரு இடம் தீப்பிடித்து எரிகிறது என்றால் மட்டும் அதை முடித்துவிட்டுத் தூங்குங்கள்.

இதற்கு நேர் எதிர் பெர்சோனா 5. அங்கே நாட்காட்டி நிஜமாகவே ஓடுகிறது, கெடு தாண்டினால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரு தேர்வு. எல்லோரோடும் முழு நட்பு வைக்க முதல் முறையில் முடியாமல் போவது சகஜம், யாரைப் பிடித்திருக்கிறதோ அவர்களோடு நேரம் செலவிடுங்கள்.

படி 5: பகடையும் சேவும்

சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கற்றுக்கொண்டால் ஆட்டத்தின் சுவையே வேறு. பால்டர்ஸ் கேட் 3-இல் ஒரு காவலாளியைப் பேசி மடக்க வேண்டும், பகடையும் போனஸும் சேர்ந்து எட்டவேண்டிய இலக்கு 15, உங்கள் போனஸ் +3 என்று வைத்துக்கொள்வோம். இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், ஒன்பது முகங்கள், அதாவது 45 சதவீதம். சந்தேகமான நிலைமை. இப்போது கூட்டாளி ஒருவர் கைடன்ஸ் மந்திரத்தைப் போட்டால் நான்கு முகப் பகடை ஒன்று கூடச் சேரும், வாய்ப்பு 57.5 ஆகும். அது இல்லாமல் அட்வாண்டேஜ் மட்டும் கிடைத்தால், அதாவது இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், கிட்டத்தட்ட 70. இரண்டும் சேர்ந்தால் 80-ஐத் தாண்டிவிடும். பேசுவதற்கு முன்னால் அரை நிமிடம் தயாரானால் பாதிக்குக் கீழே இருந்தது ஐந்தில் நான்காகிவிடுகிறது. அதிர்ஷ்டம் கெட்டது என்று புலம்புபவர்களில் பலர் இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள்.

அப்படியும் 1 விழும், அங்கே 1 என்றால் எவ்வளவு போனஸ் இருந்தாலும் தோல்விதான். உடனே முந்தைய சேவிலிருந்து லோட் பண்ணுவதா? இதில் என் கருத்து கொஞ்சம் உறுதியானது: சண்டையில் குழுவே செத்தால் லோட் பண்ணுங்கள், பேச்சில் தோற்றால் பண்ணாதீர்கள். பேச்சில் தோற்ற பிறகு என்ன ஆகிறது என்பதையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், சில நேரம் அதுதான் நன்றாக இருக்கும். டிஸ்கோ எலிசியம் இதை வெளிப்படையாகவே செய்கிறது. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஏற்றிவிட்டு மறுபடி முயலலாம், சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு. இரண்டு ஆறு முகப் பகடை என்பதால் இரட்டை ஆறு எப்போதும் வெற்றி, இரட்டை ஒன்று எப்போதும் தோல்வி. 97 சதவீதத்துக்கு மேல் எதுவும் உறுதி கிடையாது. தோற்ற பிறகு வரும் வசனங்களைப் படிக்காமல் அந்தக் கேமைத் தாண்டுவது அதில் பாதியைப் படிக்காமல் விடுவது.

சேவ் எத்தனை வைப்பது என்று கேட்டால், ஒரே சேவின் மேல் எழுதிக்கொண்டே போகாதீர்கள். புதிய ஊருக்குள் நுழையும் முன், பெரிய கதவைத் திறக்கும் முன், "இதற்கு மேல் திரும்ப முடியாது" என்று கேம் எச்சரிக்கும்போது, இந்த மூன்று இடத்திலும் தனி சேவ்.

படி 6: மாட்டிக்கொண்டால் எப்படிக் கேட்பது

தனியாக விளையாடும் கேமாக இருந்தாலும் ஆர்பிஜியைச் சுற்றி எப்போதும் பேச்சு இருக்கும், அதுதான் அதன் அழகு. ஆனால் கேட்கிற விதத்தைப் பொறுத்துத்தான் பதில் கிடைக்கும். "எல்டன் ரிங்ல அந்த பாஸை அடிக்கவே முடியல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க" என்று போட்டால் வரும் பதில்கள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: எந்த பாஸ் என்று ஒருவர், நான் முதல் தடவையே அடிச்சிட்டேன் என்று ஒருவர், ஒரு வீடியோ லிங்க். இதே கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எல்டன் ரிங், ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னாடி நிக்கிற மார்கிட். சாமுராய், லெவல் 18, விகர் 12, ஆயுதம் +1. பாதி உயிர் வரைக்கும் இறக்கிடறேன், சுத்தியலை எடுத்ததும் செத்துடறேன். ஆவி துணை எதுவும் கூப்பிடல. க்ளூ மட்டும் போதும், கோட்டைக்குள்ள என்ன இருக்குன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

இதைப் படித்ததும் தெரிந்தவருக்குப் பிரச்சினை புரிந்துவிடும். விகர் (உயிர் அளவைக் கூட்டும் திறன்) 12 என்றால் இரண்டு அடியில் ஆள் காலி, முதலில் அதை 20-க்கு ஏற்றவேண்டும். மார்கிட் தடியை ஓங்கி அப்படியே தாமதிப்பான், ஓங்கியதும் உருண்டால் அடி சரியாக நம் மேல் விழும், கை இறங்கும்போது உருளவேண்டும். அப்புறம் அந்தக் கோட்டை எங்கேயும் போய்விடாது, தெற்கே ஒரு தீபகற்பம் முழுக்கப் பார்க்காமல் இருக்கிறது, அங்கே சுற்றிவிட்டு ஆயுதத்தை +3 ஆக்கிக்கொண்டு வரலாம். மூன்று வாக்கியத்தில் உதவி முடிந்தது, கோட்டைக்குள் இருப்பது கோட்டைக்குள்ளேயே இருக்கிறது.

பதில் சொல்பவருக்கும் ஒரு முறை உண்டு. கேட்டவர் எதுவும் குறிப்பிடாவிட்டால், "க்ளூ போதுமா, விடையே வேணுமா?" என்று முதலில் கேளுங்கள். க்ளூ என்றால் எங்கே பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், என்ன கிடைக்கும் என்று சொல்லவேண்டாம். அவருடைய பில்டைக் கிண்டல் செய்து முழுக்க வேறொன்றைப் போடச் சொல்வது உதவி ஆகாது. அவர் ஈட்டியோடுதான் விளையாடவேண்டும் என்று ஆசைப்பட்டால், ஈட்டியோடு எப்படி ஜெயிப்பது என்று யோசித்துச் சொல்வதில்தான் உங்கள் அனுபவம் தெரியும்.

புதிர்களுக்கு முழு விடை தேடுவதற்கு முன்னால் ஒருமுறை கேமை மூடிவிட்டு அடுத்த நாள் திறந்து பாருங்கள். குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) குறிப்பேட்டை முழுதாகப் படியுங்கள். பாதி நேரம் அங்கேயே இருக்கும்.

படி 7: ஸ்பாய்லர் (கதையை முன்கூட்டியே போட்டுடைப்பது)

1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் ஒரு மரணம் வரும். கேம் உலகத்தில் இதை விடப் பரவலாகத் தெரிந்த திருப்பம் அதிகம் இல்லை, ஆனாலும் இங்கே பெயர் சொல்லமாட்டேன். 2020-இல் ரீமேக்கின் முதல் பகுதியும் 2024-இல் இரண்டாம் பகுதியும் வந்தன, அவற்றின் வழியாக இந்தக் கதைக்குள் முதல்முறை காலடி வைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பழைய கேம் என்பதால் எதையும் சொல்லலாம் என்கிற வாதம் எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. விளையாடுபவருக்கு அது இன்றைக்கு வந்த கேம்தான்.

செய்யவேண்டியது எளிது. எந்த கேம், எந்தப் பகுதி வரைக்கும் என்று முதல் வரியில் போடுங்கள்: "பால்டர்ஸ் கேட் 3, இரண்டாம் ஆக்ட் முடிவு வரை." அரட்டைச் செயலியான டிஸ்கார்டில் வாக்கியத்தின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் அது மறைந்துவிடும், தட்டினால்தான் தெரியும். மறைத்த வரிக்கு வெளியே எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் மறைத்தும் பிரயோஜனமில்லை, படிக்கலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டில் ஓரத்தில் தெரியும் கூட்டாளிகள் யார் யார், லெவல் எவ்வளவு, ஊர்ப் பெயர் என்ன, இவையும் கதை சொல்லிவிடும், வெட்டிவிட்டுப் போடுங்கள்.

இதை விட நுணுக்கமான ஒன்றை நல்லவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். புதியவர் ஒருவர் "இந்த கேரக்டர் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று ஆசையாக எழுதுவார். கீழே வந்து "பொறுங்க பொறுங்க", "ரொம்ப நம்பாதீங்க", அல்லது ஒரு அழுகை எமோஜி. எதுவும் சொல்லவில்லை என்று போடுபவர் நினைப்பார், ஆனால் எல்லாம் சொல்லியாயிற்று. அந்தப் பதிவருக்கு இனி அந்த கேரக்டர் வரும் ஒவ்வொரு காட்சியும் சந்தேகத்தோடுதான் ஓடும். அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள், "ஏன் பிடிச்சிருக்கு?" என்று. அதற்கு வரும் பதில் உங்களுக்கே சுவாரசியமாக இருக்கும், ஏனென்றால் முதல்முறை பார்ப்பவரின் ஊகங்களை நீங்கள் மறந்து போயிருப்பீர்கள்.

படி 8: தினசரி அரட்டை

குழு உயிரோடு இருப்பது பெரிய விவாதங்களால் இல்லை, சின்னச் சின்னப் பேச்சுகளால். இன்றைக்கு என்ன விளையாடினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், என்ன நடந்தது. இதில் ஒரு பழக்கத்தைப் பரிந்துரைப்பேன்: வெறும் ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள், கூடவே உங்கள் முடிவைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். "திருடனை விட்டுட்டேன், இப்ப அவன் என் கடைக்காரனைக் கொள்ளையடிச்சுட்டான்" என்று ஒரு வரி போட்டால் அதற்குக் கீழே பத்துப் பேர் தாங்கள் என்ன செய்தோம் என்று எழுதுவார்கள். ஒரே கேமை எல்லோரும் வேறு வேறாக விளையாடியிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

எந்த கேம் பெரியது, எந்தக் கன்சோல் பெரியது என்கிற சண்டையில் இறங்காதீர்கள், அதில் யாரும் இதுவரை மனம் மாறியதில்லை. டர்ன் பேஸ்டு செத்துப்போன வகை என்று ஒருவர் வந்து கிளறினால், உங்களுக்குப் பிடித்த ஒரு சண்டையை விவரித்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எதிர்மறையாகப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பிடிக்காத கேமைப் பற்றி எந்த இடத்தில், எதனால் என்று எழுதினால் அது எல்லோருக்கும் பயன்படும். "குப்பை" என்று ஒரு சொல்லில் முடித்தால் அதன் மேல் பேசுவதற்கு எதுவும் இல்லை.

கேமைத் தாண்டிய பேச்சுக்கும் ஒரு இடம் வேண்டும். தேர்வு, வேலை, தூக்கம் வராத இரவு, புதிய கீபோர்டு, எதுவாகவும் இருக்கட்டும். பெரிய குழு என்றால் அதற்கென்று தனிச் சேனல் வைத்தால் உதவி கேட்கும் பதிவுகள் அடித்துக்கொண்டு போகாது. எப்போதும் வருகிற ஒருவரை ஒரு வாரமாகக் காணோம் என்றால் பொதுவில் கூப்பிடாமல் தனியாக ஒரு செய்தி போட்டு விசாரியுங்கள். தகவல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: உண்மைப் பெயர், முகவரி, கணக்கு விவரம் எதையும் எவ்வளவு நெருக்கமானவரிடமும் கொடுக்கவேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

எல்டன் ரிங்கில் தரையில் செய்தி எழுதிவைக்கலாம், கேம் கொடுக்கும் குறிப்பிட்ட சொற்களை மட்டும் கோர்த்து. வேறொருவர் அதைப் படித்து நன்று என்று குறியிட்டால், அந்த நொடியில் எழுதியவர் எங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் அவருடைய உயிர் ஏறும். முன்பின் தெரியாத ஒருவருக்குப் பயன்படும்படி ஒரு வரி எழுதியதற்கு இப்படி ஒரு கூலி கொடுத்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல குறிப்பைப் பார்த்தால் குறியிட்டுவிட்டுப் போங்கள்.

படி 9: இடைவெளி, முடிவு, அதற்குப் பிறகு

இரண்டு மாதம் கழித்து ஒரு கேமுக்குத் திரும்புகிறீர்கள், எந்த பட்டன் என்ன என்றே நினைவில்லை. புதிதாகத் தொடங்காதீர்கள், முதல் பத்து மணி நேரத்தைத் திரும்பத் திரும்ப விளையாடியே பல கேம்கள் அலுத்துப்போகும். குறிப்பேட்டைப் படித்து, எளிய பகுதி ஒன்றுக்குப் போய் நாலைந்து சாதாரண எதிரிகளோடு சண்டை போட்டுக் கையைப் பழக்கிக்கொண்டு, மெயின் கதையை மட்டும் ஒரு மணி நேரம் தொடருங்கள். குழுவில் "இந்த இடத்தில் நிற்கிறேன், இதுவரைக்கும் நடந்த கதையை யாராவது நாலு வரியில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம், அதற்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. பத்து மணி நேரம் ஆகியும் மனசு ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

முடிவு நெருங்கும்போது பக்கவாட்டுக் கதைகளில் மிச்சம் எது வேண்டும் என்று தீர்மானியுங்கள், பல கேம்களில் திரும்ப முடியாத கோடு ஒன்று இருக்கும். கடைசிக் காட்சி முடிந்ததும் உடனே ஓடிப்போய் மற்ற முடிவுகளை வீடியோவில் பார்க்காதீர்கள். உங்கள் முடிவோடு ஒரு நாள் இருங்கள், அப்புறம் குழுவில் எழுதுங்கள், அப்புறம் மற்றவர்களுடையதைப் படியுங்கள்.

நியூ கேம் பிளஸ் வேண்டுமா என்று சில கேம்கள் கேட்கும், சேர்த்த பலத்தோடு முதலிலிருந்து தொடங்குவது. க்ரோனோ ட்ரிகர்தான் இதைப் பிரபலமாக்கியது. அதற்குள் போகும் முன் டிஎல்சி (கேமுக்குப் பின்னால் தனியாக வரும் கூடுதல் பகுதி) விளையாடப் போகிறீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். விட்சர் 3-இன் பிளட் அண்ட் வைனுக்குப் பரிந்துரைக்கப்பட்ட லெவல் 34, மெயின் கதையை முடித்தவர் நேராக அதே சேவில் உள்ளே போகலாம். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீக்கோ இரண்டு குறிப்பிட்ட பாஸ்களை வீழ்த்தியிருந்தால்தான் வாசல் திறக்கும். அவசரப்பட்டு நியூ கேம் பிளஸுக்குள் போய்விட்டால் அந்த இருவரையும், இன்னும் பலமானவர்களாக, மறுபடி வீழ்த்தவேண்டியிருக்கும். அதனால் கடைசி பாஸை அடித்த பிறகு வரும் அந்தக் கேள்விக்கு முதலில் "வேண்டாம்" என்று கொடுத்துவிட்டு, டிஎல்சியை முடித்துவிட்டு வாருங்கள்.